அத்தை கொடுத்த நாலு பாட்டு

எழுபதுகளில் சூரியநெல்லிப் பக்கம் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இந்தக் கதையில் பாதி தெரிந்திருக்கும். எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒருத்தி மெட்ராஸுக்குப் போய் ரெக்கார்டு கொடுத்தாள். கோயில் திருவிழாவில் அந்த ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் கூடப்பிறந்த அண்ணன் போய் நிறுத்தினான். இதுவரைக்கும் எல்லோரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஏன் நிறுத்தினான் என்பதற்குத்தான் ஆளுக்கொரு காரணம். போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில், கூடப் படித்தவள் ஒருத்தி என் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, "அந்தம்மா கித்தார்க்காரனோட ஓடிப்போச்சுல்ல?" என்றாள். நான் பாயசத்துக்கு முன்னாலேயே எழுந்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறாததால் இதை எழுதுகிறேன்.

பாடியவள் என் அத்தை. நிறுத்தியவர் என் அப்பா. அத்தையோடு மெட்ராஸ் போய்வந்தவள் நான். ஓடிப்போனவர் யாரும் இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா இறந்து இரண்டு மழைக்காலம் முடிந்திருந்தது. விஷக்காய்ச்சல் என்று ஜீப்பில் போடி ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போனார்கள். ஐந்தாம் நாள் அதே ஜீப்பில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அத்தை எங்களோடு வந்து சேர்ந்திருந்தாள். அவளைக் கட்டிய மாமா கீழே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அத்தை யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஒரு தகரப்பெட்டியோடு மலையேறி அண்ணன் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலையே, வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்து, முதுகில் கொழுந்துக்கூடையைக் கட்டிக்கொண்டாள்.

அத்தை உயரமில்லை. முன்பல் ஒன்று கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பேசும்போது கரகரக்கும் குரல் பாட ஆரம்பித்ததும் எங்கிருந்தோ ஒரு பளபளப்பை எடுத்துக்கொள்ளும். பனி இறங்கி, அடுத்த வரிசையில் நிற்கிறவள் கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது, அத்தையின் பாட்டை வைத்துத்தான் மற்றப் பெண்கள் தாங்கள் நிற்கிற இடத்தைக் கண்டுகொள்வார்கள். எதற்கெடுத்தாலும் கத்துகிற சூப்பர்வைசர்கூட அவள் பாடும்போது வாயைத் திறக்கமாட்டார். பாட்டு ஓடினால் கையும் ஓடும் என்பது அவருக்குத் தெரியும்.

அப்பா பேக்டரியில் ரோலர் மிஷினில் வேலை பார்த்தார். வாடிய கொழுந்தைக் கசக்கிப் பிழிகிற அந்த மிஷின் போடும் சத்தத்தில் இருபது வருஷம் நின்றவர். வீட்டில் உப்பு கேட்டால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும்.

அதே பேக்டரியில் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். கோட்டயம் பக்கத்து மலையாளி. அப்பாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர், நரைத்த மீசை. இளவயதில் ஊரில் ஒரு பாட்டுக் குழுவில் கித்தார் வாசித்தவராம். அந்தக் கித்தாரைப் பழைய கம்பளி ஒன்றில் சுற்றிக் கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருப்பார். மலை ஈரத்தில் அதன் உடம்பு ஓரிடத்தில் பிளந்து, அங்கே டிஸ்பென்சரியில் வாங்கிய பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் ரெக்கார்டு பிளேயர் இருந்த ஒரே வீடும் அவர் குவார்ட்டர்ஸ்தான். சிவப்புப் பெட்டி. மூடியைக் கழற்றி வைத்தால் மூடியே ஸ்பீக்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் இங்கிலீஷ் பாட்டு ஓடும். நாங்கள் வேலிக்கு வெளியே நின்று கேட்போம்.

ஒரு நாள் மழைக்குப் பெண்கள் பேக்டரித் தாழ்வாரத்தில் ஒதுங்கியபோது அத்தை பாடியிருக்கிறாள். ஏணிமேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன், பல்பைக் கையில் பிடித்தபடி பாட்டு முடிகிறவரை அப்படியே நின்றாராம். இறங்கியவர் நேரே அப்பாவிடம் வந்தார்.

"உன் தங்கச்சி பாடுறது சாதாரணப் பாட்டில்ல, கேட்டோ. என்டெ மச்சினன் மெட்ராஸில ஒரு ரெக்கார்டு கம்பெனியில வயலின் வாசிக்கிறான். நாலு பாட்டு கொடுத்தா ஒரு தட்டு போடலாம்."

"பாடுதது சரி சேட்டா. இங்கன பாடட்டும். மெட்ராசு எதுக்கு?" என்றார் அப்பா.

எலக்ட்ரீஷியன் விடவில்லை. ஞாயிறுதோறும் தன் வீட்டு வாசலில் வைத்துப் பழக்கிப் பார்ப்பது, சரிவந்தால் மெட்ராஸ், வராவிட்டால் அதோடு விட்டுவிடுவது என்று பேச்சு முடிந்தது.

முதல் நாலு ஞாயிறும் சண்டைதான். அத்தைக்கு மூச்சு முடிகிற இடத்தில்தான் வரி முடியும். பிடித்த சொல் வந்துவிட்டால் அதை இழுத்துக்கொண்டு ஒரு மலையைச் சுற்றிவிட்டு வருவாள். அவருக்கோ தாளத்தில் நாலு தட்டு முடிந்ததும் வரியும் முடியவேண்டும்.

"மோளே, ஞான் இவிட நிக்குது. நீ எவிடப் போயி?"

"நீங்க எதுக்கு அங்கன நிக்கிய? கூட வாங்க."

ஐந்தாவது ஞாயிறு அவர் கித்தாரைக் கீழே வைத்துவிட்டு, "கொழுந்து எப்படிப் பறிக்கும்? காணிச்சுக் கொடு" என்றார். அத்தை வேலியோரச் செடியில் இரண்டு கையாலும் பறித்துக் காட்டினாள். இடது, வலது, இடது, வலது. பிறகு தோளுக்கு மேலே கூடைக்குள் ஒரு வீச்சு. அவர் அதைக் காலால் தட்டிப் பார்த்தார். நாலு தட்டு, ஐந்தாவது வீச்சு. கித்தாரை எடுத்து அந்தக் கணக்குக்கு மாற்றினார். அத்தை பாடினாள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் பாட்டேதான் அது. ஆனால் குளித்து, தலைசீவி, பவுடர் போட்டு, பஸ் ஏறத் தயாராக நிற்கிற மாதிரி இருந்தது. எனக்குக் கை கால் சும்மா இருக்கவில்லை.

அப்படி நாலு பாட்டுத் தயாரானது. கொழுந்துப் பாட்டு ஒன்று, கும்மி ஒன்று, மாரியம்மன் பாட்டு ஒன்று. நாலாவது, அத்தையே கட்டிய ஜீப்புப் பாட்டு.

போடிமெட்டு வளைவுல
பொறுத்து ஓட்டு ஜீப்பு மாமா,
கூந்தல் பூவு சிந்திப்புட்டா
கூட வந்து பொறுக்குவியா?

இதற்கு எலக்ட்ரீஷியன் வாயால் ஹாரன் அடிப்பார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம்.

அப்பா கடைசியில் சம்மதித்தார். ஒரே நிபந்தனை: "பிள்ளையையும் கூட்டிட்டுப் போ." ஒரு பெண்ணின் நல்ல பேருக்குக் காவலாகப் பத்து வயதுப் பிள்ளை போதும் என்று அப்போது பெரியவர்கள் நம்பினார்கள். அத்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் போகிறேன் என்று நானும் நம்பினேன். போடிக்கு இறங்குகிற வளைவிலேயே ஜீப்பில் மூன்று முறை வாந்தி எடுத்து அவள் மடியை நாசமாக்கினேன்.

தை மாதம். மதுரைவரை பஸ், பிறகு ரயில். ரயிலில் எலக்ட்ரீஷியன் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். "கொச்சே, நாலு பாட்டும் வெயில் இருக்கும்போதே தீர்ந்தா, உனக்குக் கடல் காணிச்சுத் தரும்." நான் கடலைக் காலண்டரில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அதற்கப்புறம் எனக்கு மெட்ராஸும் தெரியவில்லை, ரெக்கார்டும் தெரியவில்லை. கடல் ஒன்றுதான்.

ரெக்கார்டு எடுத்த இடம் ஒரு சந்துக்குள் இருந்த மாடி. வெளியே வேர்வை வழிந்தது. உள்ளே மிஷின் வைத்து எங்கள் ஊர்க் குளிரைக் கொண்டுவந்திருந்தார்கள். சுவரெல்லாம் ஓட்டை போட்ட அட்டை. தரையில் கம்பளம். அத்தை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஒருவர் இருந்தார். கம்பெனி மேனேஜர் வெள்ளைச் சட்டையில் அங்குமிங்கும் நடந்தார். எலக்ட்ரீஷியனின் மச்சினன் வயலினோடு ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இரட்டைக் கொட்டான பாங்கோவைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஒருவர்.

மத்தியானத்துக்குள் கொழுந்துப் பாட்டும் கும்மியும் ஜீப்புப் பாட்டும் முடிந்தன. ஜீப்புப் பாட்டில் ஹாரன் அடித்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் சிரித்துவிட்டதால் அதை மட்டும் மூன்று முறை எடுத்தார்கள். பிறகு அத்தை மாரியம்மன் பாட்டை ஆரம்பித்தாள். மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மா, சாமி பாட்டு எங்ககிட்ட பீரோ நெறைய இருக்கு. வேற குடுங்க. காதல் பாட்டு இல்லன்னா சோகப் பாட்டு. அஞ்சு மணிக்கு இந்த ரூம் வேற ஆளுக்குப் போயிடும்."

அத்தையும் எலக்ட்ரீஷியனும் எதையெதையோ பாடிப் பார்த்தார்கள். எதற்கும் மேனேஜர் தலையாட்டவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடியது. கடல் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தை மடியில் தலையை வைத்து விசும்ப ஆரம்பித்தேன். அத்தை என் முதுகைத் தட்டி, ஊரில் என்னைத் தூங்கவைக்கப் பாடுகிற பாட்டை மெதுவாக எடுத்தாள்.

மஞ்சச் சேல கொடியிருக்க, மதினி, நீங்க
மலையெறங்கிப் போனதென்ன?
கஞ்சிப் பான அடுப்பிருக்க, மதினி, நீங்க
கதவச் சாத்தாமப் போனதென்ன?

அம்மா இறந்த அன்றைக்கு அத்தை தன் மதினிக்காக அழுத பாட்டு அது. எனக்கு அது தெரியாது. என்னை அன்று வேறு லயத்தில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பிறகு, அப்பா ராத்திரி ஷிப்டுக்குப் போன நாட்களில், தூங்காமல் கிடந்த என்னை மடியில் போட்டுக்கொண்டு அத்தை அதையே மெதுவாக்கிப் பாடிப் பாடி, எனக்கு அது தூக்கப் பாட்டாகிவிட்டது.

நான் நிமிர்ந்து பார்த்தபோது எலக்ட்ரீஷியனின் விரல்கள் கித்தாரில் போய் உட்கார்ந்திருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து நின்றிருந்தார். மைக் திறந்தே இருந்திருக்கிறது.

"இதுதாம்மா. இதைப் பாடுங்க" என்றார் மேனேஜர்.

"இது பாட்டு இல்லீங்க" என்றாள் அத்தை. "எங்க வீட்டு அழுக. எங்க அண்ணன் கேட்டாகன்னா தாங்கமாட்டாக."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் கித்தாரைத் தரையில் வைத்தார். "நிர்பந்தம் இல்ல மோளே. வேண்டாம்னா மூணு பாட்டோட நமக்குப் போலாம்" என்றார். அந்த மனிதரைத்தான் கல்யாண வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள்.

அத்தை என் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஏட்டி, இது உங்கம்மா பாட்டு. நீ சரின்னு சொன்னாப் பாடுதேன். வேண்டாம்னா வேண்டாம். என்ன சொல்லுத?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவள் கண் என் கண்ணை விட்டு நகரவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"பாடு அத்தை. சீக்கிரம் பாடு" என்றேன்.

முதலில் கித்தார் மட்டும் வைத்துப் பாடினாள். மேனேஜருக்கு அது ரொம்பக் கனமாக இருந்ததாம். கொஞ்சம் லேசாக்க வேண்டும் என்று பாங்கோவையும் வயலினையும் சேர்த்தார். அடுத்த பாட்டுக்காக வந்து காத்திருந்த மூன்று பெண்களைக் கூப்பிட்டு, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் "லாலலா லாலலா" என்று சொல்ல வைத்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. காற்றாட நடந்துபோகிற பாட்டு மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் காது அதில் இல்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்த வெயிலிலேயே கண் இருந்தது.

வெயில் இருக்கும்போதே கடலுக்குப் போனோம். பாவாடை இடுப்புவரை நனைந்தது. எலக்ட்ரீஷியன் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். அத்தை மணலில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "பாரு அத்தை, பாரு அத்தை" என்று நான் எத்தனை முறை இழுத்தும் திரும்பவில்லை. கிளம்பும்போது, "அந்தப் பாட்டப் பத்தி அப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ ஒண்ணும் வாயத் திறக்காத" என்றாள்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவள் மூன்று மாதத்தைக் கடத்திவிட்டாள். நாற்பது பெண்களுக்கு முன்னால் பயமில்லாமல் பாடுகிறவளுக்கு, அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

ரெக்கார்டு சித்திரையில் வந்தது. சின்னத் தட்டு, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. அதன் அட்டையை நினைத்தால் இன்னமும் சிரிப்பு வரும். அத்தையின் படம் இல்லை. யாரோ ஒரு சினிமாக்காரி மாதிரிப் பெண், பட்டுச்சேலை கட்டி, கொழுந்துக் கூடையைத் தண்ணீர்க் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "இவ பெரட்டுக்கு வந்தா சூப்பர்வைசர் மயங்கி விழுந்துருவாரு" என்று அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நடுவில் ஒட்டியிருந்த வட்டத்தில் அத்தையின் பேர் சரியாகவே இருந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த இடத்தை மட்டும் விரலால் தடவிக் கேட்டுக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் வீட்டில் போட்டுக் கேட்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "திருவிழாவுல சனத்தோட சேந்து கேக்கேன்" என்றார். பூப்பாறையிலிருந்து வந்த மைக் செட்காரரிடம், ரெக்கார்டைப் புதுத் துண்டில் சுற்றிக்கொண்டுபோய் அவரே கொடுத்தார். பின்னாலேயே போன அத்தை மைக் செட்காரரிடம், "அண்ணே, மொதப் பக்கம் மட்டும் போதும்" என்று ரகசியமாகச் சொன்னாள்.

மத்தியானம் கூழ் ஊற்றி முடித்து, சனமெல்லாம் கோயிலைச் சுற்றி உட்கார்ந்திருந்த நேரம். மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து அத்தையின் குரல் வந்தது. மலைச்சரிவில் போய் இடித்துத் திரும்பவும் வந்தது. கொழுந்துப் பாட்டுக்குப் பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே கையை வீசினார்கள். ஜீப்புப் பாட்டு வந்ததும் உண்மையான ஜீப்பு டிரைவர்கள் மூன்று பேர் எழுந்து ஆடினார்கள். அப்பா கோயில் கல்லில் சாய்ந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நம்ம தங்கச்சி" என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

முதல் பக்கம் முடிந்தது. சனம் விடவில்லை. "திருப்பிப் போடு, திருப்பிப் போடு" என்று கத்தினார்கள். மைக் செட்காரர் அத்தையைத் தேடினார். அவள் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாள். தட்டைத் திருப்பிவிட்டார். கும்மி ஓடி முடிந்தது. அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் அடுத்தது தொடங்கிவிட்டது.

மஞ்சச் சேல கொடியிருக்க, மதினி, நீங்க.

பெரிய பெண்கள் சட்டென்று அமைதியாகிவிட்டார்கள். அவர்கள் அதை எங்கள் வீட்டு வாசலில் கேட்டவர்கள். விஷயம் தெரியாத இளவட்டங்கள் பாங்கோ சத்தத்துக்கு ஆடிக்கொண்டே இருந்தார்கள். முதல் "லாலலா" வந்தது. அப்பா நடந்துபோய் முள்ளைத் தூக்கினார். அந்தக் கீறல் சத்தம் ஸ்பீக்கர் வழியாக மலை முழுவதும் கேட்டது. தட்டை எடுத்து, அட்டைக்குள் போட்டு, வந்து நின்ற அத்தையிடம் நீட்டினார்.

"அவ சாவுக்கு லாலலாவா?" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் தணிந்த குரலில் பேசிக் கேட்டேன்.

அத்தை தட்டை வாங்கிக்கொண்டாள். என்னை ஒரே ஒரு முறை பார்த்தாள். 'பிள்ளைதான் பாடச் சொன்னாள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பந்தலில் கட்டியிருந்த வேப்பிலையை உருவிக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலமே அத்தை தகரப்பெட்டியோடு மேல் லயத்தில் இருந்த சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். பேருக்கு ஆசைப்பட்டு மதினி சாவை விற்றுவிட்டாள் என்று குழாயடியில் பேசினார்கள். கித்தார்க்காரரையும் சேர்த்துப் பேச ஆரம்பித்தது அப்போதுதான். அப்பா சமைத்தார். சோறு ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் வேகவில்லை. அத்தை வேலைக்குப் போனாள், பாடவில்லை. பனி இறங்கினால் பெண்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

பதினெட்டு நாள் அப்படியே போனது. பத்தொன்பதாம் நாள் மத்தியானம், அப்பாவுக்குச் சோற்று வாளியை எடுத்துக்கொண்டு பேக்டரிக்குப் போனேன். உள்ளே கசக்கிய பச்சை இலையின் துவர்ப்பு வாசனை. ரோலர் மிஷின் இரைந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அப்பா பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, அத்த மேல தப்பில்ல" என்றேன். அவர் காதைக் காட்டி, கேட்கவில்லை என்றார். நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. மூச்சை இழுத்துக் கத்தினேன். பாதி வாக்கியத்தில் கரண்டு நின்றது.

"...கடலப் பாக்கணும்னு நான்தான் அந்தப் பாட்டப் பாடச் சொன்னேன்!"

மிஷின் நின்ற அமைதியில் என் குரல் தகரக் கூரையில் மோதியது. வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை என் முகவாயைப் பிடித்துக் கேட்டது, நான் கடிகாரத்தைப் பார்த்தது, சீக்கிரம் பாடு என்றது.

அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். "கடலு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"பெருசா இருந்துச்சுப்பா. சும்மாவே இருக்கல. நம்ம மிஷினு மாதிரி சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு."

"உங்கம்மாவும் கேட்டா" என்றார். "கல்யாணம் ஆன புதுசுல. திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போங்க, கடல் பாக்கணும்னு. அடுத்த வருசம், அடுத்த வருசம்னு சொல்லிக்கிட்டே இருந்துட்டேன்."

கரண்டைச் சரிபார்க்க எலக்ட்ரீஷியன் உள்ளே வந்தார். திருவிழாவுக்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா எழுந்து நின்று, "சேட்டா, சாயங்காலம் வீட்டுல இருப்பீகளா?" என்றார்.

சாயங்காலம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மேல் லயத்துக்குப் போய்ச் சிநேகிதி வீட்டு வாசலில் நின்றார். அத்தை வெளியே வந்தாள். "அந்தத் தட்ட எடுத்துட்டு வா" என்றார், அவ்வளவுதான். மூன்று பேரும் எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போனோம். அவர் சிவப்புப் பெட்டியைத் திறந்து, இரண்டாம் பக்கத்தில் கும்மியைத் தாண்டி முள்ளை வைத்தார். அப்பா தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் லாலலாவுக்கு அவர் தாடை இறுகியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. பாட்டின் கடைசி அடி வந்தது.

புள்ள கண்ணு அசந்திருச்சு, மதினி, நீங்க
போற வழி பாத்துப் போங்க.
உள்ள வெளக்கிருக்கு, மதினி, நான்
கதவச் சாத்திக்கிடுதேன்.

இந்த அடியை நானும் அன்றைக்குத்தான் கேட்டேன் என்று சொல்லவேண்டும். வீட்டில் அது வருவதற்குள் தூங்கிப்போயிருப்பேன். மெட்ராஸில் காதில் வாங்கவில்லை. என்னைத் தூங்கவைக்கையில் அத்தை பிறகு சேர்த்த அடி அது; அப்பாவும் கேட்டதில்லை. ஒரு பாட்டின் முதல் அடியை மட்டும் கேட்டுவிட்டு, பதினெட்டு நாள் தங்கையைத் தண்டித்தவர் அவர்.

தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை. அப்பா தொண்டையைச் செருமினார்.

"அன்னிக்குக் கொடியில கெடந்தது மஞ்ச இல்ல. பச்ச. நான்தான எடுத்து மடிச்சு வச்சேன்."

"தெரியும்ணே" என்றாள் அத்தை. "மஞ்சன்னாத்தான் மலைக்குச் சேரும். பச்சன்னா பாட்டு உக்கார மாட்டேங்குது."

அப்பா உதட்டுக்குள் பாடிப் பார்த்தார். பச்சச் சேல கொடியிருக்க. மலையெறங்கிப் போனதென்ன. இன்னொரு முறை பாடிப் பார்த்தார். "ஆமா, உக்காரல" என்று ஒப்புக்கொண்டார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அத்தையும் சிரித்தாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக. எலக்ட்ரீஷியன் எங்களுக்கு முதுகைக் காட்டி, இல்லாத தூசியை ரெக்கார்டிலிருந்து துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். "வாயத் திறக்காதன்னுதான சொன்னேன்?" என்றாள். அன்றைக்குச் சோறு பதமாக வெந்திருந்தது.

ரெக்கார்டு பெரிதாக ஒன்றும் ஓடவில்லை. கம்பம்மெட்டு, பூப்பாறைப் பக்கத்துக் கல்யாணங்களில் ஜீப்புப் பாட்டை மட்டும் கொஞ்ச காலம் போட்டார்கள். அடுத்த தட்டுக்கு எழுதுகிறோம் என்ற கம்பெனி எழுதவே இல்லை. எங்கள் வீட்டுத் தட்டு அடுப்புச் சூட்டில் அப்பளம் மாதிரி வளைந்துபோனது. எலக்ட்ரீஷியன் ஓய்வுபெற்று ஊருக்குப் போனபோது கித்தாரையும் தன் தட்டையும் கொண்டுபோய்விட்டார். என் பேத்தி போனில் எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு ஆல்பமே இல்லையே ஆச்சி" என்கிறாள். இருந்தது. அத்தை ஓய்வுபெறுகிறவரை அந்த மலையில் கொழுந்து பறித்தாள். பாடிக்கொண்டே பறித்தாள்.

அடுத்த வருஷம் தை மாதம் அப்பா லீவு போட்டு எங்கள் இரண்டு பேரையும் திருச்செந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாமி கும்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு வந்தோம். நான் முன்னே பார்த்தவள் என்ற பெருமையில் முதலில் இறங்கினேன். அத்தை இந்த முறை கடலைப் பார்த்து நின்றாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால்வரை தண்ணீருக்குள் போனார். அலை வந்து வந்து போனது. பிறகு, எங்கள் பக்கம் திரும்பாமல், மிஷின் சத்தத்துக்கு மேலே பேசுகிறவரின் குரலில், "நீ கேட்ட கடலு, நல்லாப் பாத்துக்க" என்றார்.

"பாத்துட்டேன்பா" என்று நான் கத்தினேன்.

அத்தை என் கையைப் பிடித்து, சத்தமில்லாமல் இரண்டு எட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.